மருந்து கொடுக்கும் கையும் நோயாளியைப் பார்க்கும் கண்ணும்: ஒரு திறந்த மடல்

செவிலியர் கல்விக்குப் பாடத்திட்டம் வகுப்போருக்கும், மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

இருபத்து நான்கு ஆண்டுகளாக வார்டில் பணியாற்றும் செவிலியர் நான். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகளாகப் புதிதாக வேலைக்குச் சேருவோருக்குப் பயிற்சியும் அளித்து வருகிறேன். மருந்துப் பாதுகாப்பு, நோயாளியை மதிப்பிடுதல் ஆகிய இரண்டையும் நாம் இரண்டு பாடங்களாகக் கற்பிக்கிறோம், இரண்டு தாள்களாகத் தேர்வு வைக்கிறோம், வார்டுக்கு வந்த பிறகும் இரண்டு படிவங்களில் பதிவு செய்யச் சொல்கிறோம். கட்டிலருகே நிற்கும்போது அவை இரண்டும் ஒரே வேலை. இந்தப் பிரிவினையால் நல்ல மதிப்பெண் வாங்கிய செவிலியர்கூட நோயாளியின் முன்னால் தடுமாறிப் போவதைத் தொடர்ந்து பார்க்கிறேன், நானே தடுமாறியிருக்கிறேன். அதை உங்களிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்து நான்காவது ஆண்டு. இதயச் செயலிழப்புக்காக ஒரு முதியவர் எங்கள் வார்டில் இருந்தார். தினமும் காலையில், இதயத்தை வலுவாகவும் மெதுவாகவும் துடிக்க வைக்கும் டிகாக்சின் 0.25 மில்லிகிராம் மாத்திரை ஒன்றும், உடலில் தேங்கிய நீரை வெளியேற்ற ஃபுரோசமைடும் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவரின் குறிப்பு. நான் பெயரைக் கேட்டேன், கைப்பட்டையைப் பார்த்தேன், மருந்துச் சீட்டோடு மாத்திரையை ஒப்பிட்டேன், அளவும் நேரமும் சரி, கொடுத்தேன், கையொப்பமிட்டேன். நாடி 64 என்று எழுதினேன். அது முந்தைய இரவு வேறொருவர் எழுதி வைத்திருந்த எண். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று அவர் சொன்னதை ‘உணவு குறைவாக உட்கொண்டார்’ என்று வேறொரு தாளில் பதிவு செய்தேன். இப்படி இரண்டு காலைகள் கழிந்தன.

மூன்றாம் நாள் என்னோடு ஒரு மாணவி வந்தாள். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள். டிகாக்சின் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் முழுவதும் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்ததால், முதியவரின் இடது மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குனிந்து நின்றாள். இன்னும் பதினோரு பேருக்கு மருந்து பாக்கி இருந்தது. “நேரமாகுதும்மா, சீக்கிரம்” என்றேன். அவள் நிமிரவில்லை. எண்ணி முடித்துவிட்டு, “சிஸ்டர், 44தான் வருது. இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கட்டுமா? தாத்தா வேற, சுவரெல்லாம் மஞ்சளாத் தெரியுதுங்கறார்” என்றாள். மருந்துக் கிண்ணம் என் கையில் இருந்தது. அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.9 என்று, இருக்க வேண்டியதைவிடக் குறைவாக வந்தது. மருந்தை நிறுத்தினார்கள், பொட்டாசியத்தை மெல்ல ஈடு செய்தார்கள், அவர் பிழைத்து வீடு திரும்பினார்.

இதில் என்னிடம் இல்லாதிருந்த அறிவு எது என்று பல முறை யோசித்திருக்கிறேன். பசியின்மை, குமட்டல், மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும் பார்வை ஆகியவை டிகாக்சின் நச்சின் அறிகுறிகள் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். இந்த மருந்தின் மூலமான டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி 1785-இல் எழுதிய வில்லியம் விதரிங் என்ற மருத்துவரே பார்வை மஞ்சளாவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஃபுரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும் என்பதும் தெரியும். இதயத் தசை உயிரணுவில் டிகாக்சினும் பொட்டாசியமும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன, பொட்டாசியம் குறைந்தால் அதே அளவு டிகாக்சின் கூடுதலாகப் பற்றிக்கொள்ளும் என்பதும் பாடப் புத்தகத்தில் இருந்ததுதான். தனித்தனித் தாள்களில் இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மனிதரிடம் அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்க மட்டும் யாரும் எனக்குப் பழக்கித் தரவில்லை.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்து ‘சரி’களை உலகம் முழுவதும் செவிலியர் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அவை தேவையானவை, அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எழுதப்பட்ட மருந்து எழுதப்பட்ட நபரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டுமே அந்த ஐந்தும் கேட்கின்றன. மருந்து எழுதப்பட்டது நேற்று மாலையாக இருக்கலாம். இன்று காலை ஆறு மணிக்கு இந்த உடல் அதைத் தாங்குமா என்ற கேள்வி அவற்றுள் இல்லை. நான் அந்த இரண்டு நாளும் ஐந்தையும் பிசகாமல் செய்தேன்.

மருந்து ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பரிசோதனையைக் கூடவே கொண்டுவருகிறது. கர்ப்பகால வலிப்புக்கு மக்னீசியம் சல்ஃபேட் ஏற்றும் தாய்க்கு இரத்த அழுத்தம் பார்த்துவிட்டால் போதாது. முழங்காலைத் தட்டி, கால் தானாகத் துள்ளும் அனிச்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும், சிறுநீர்ப் பையில் மணிக்கு 30 மில்லிலிட்டராவது சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் எளியது: மக்னீசியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, அது உடலில் மிகும்போது முதலில் போவது முழங்கால் அனிச்சை, அதற்குப் பிறகுதான் மூச்சு. அனிச்சை இல்லை என்று கண்டவர் மருந்தை நிறுத்தி, மருத்துவரை அழைத்து, மக்னீசியத்தை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுகோனேட்டை எடுத்துவர நேரம் இருக்கிறது. மூச்சு நின்ற பிறகு கண்டவருக்கு அந்த நேரம் இல்லை. இந்த வரிசையைப் புரிந்துகொண்ட மாணவி, தட்டும் சுத்தியல் கைக்கு எட்டவில்லையென்றால் விரலை மடக்கியாவது தட்டிப் பார்ப்பாள். மனப்பாடம் செய்தவள் கட்டத்தில் ஒரு குறி போட்டுவிட்டுப் போவாள்.

மார்ஃபின் அதைவிடப் பழக்கமான மருந்து என்பதால் அதைவிட ஆபத்தானதும்கூட. அறுவைக்குப் பின் வலியில் துடித்தவர் ஊசி போட்டதும் அமைதியாகத் தூங்குகிறார் என்றால் வார்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மூச்சு குறைவதற்கு முன்பே தூக்கக் கலக்கம் கூடத் தொடங்கும். கேட்ட கேள்விக்குப் பாதி விடை சொல்லும்போதே கண் செருகுகிறவருக்கு அடுத்த ஊசி போடக் கூடாது. வலி பத்துக்கு 8 என்று அவரே ஒரு மணி நேரத்துக்கு முன் சொல்லியிருந்தாலும் போடக் கூடாது. ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளியிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் 98 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் நிமிடத்துக்கு ஏழு முறைதான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம், கரியமில வாயு உள்ளே தேங்கிக்கொண்டிருக்கலாம். கருவி பொய் சொல்லவில்லை, அது அளப்பது வேறு. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் நின்று எண்ணுவதைத் தவிர எங்கள் வார்டில் இதற்கு வேறு வழி இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த வார்டிலாவது இருபது கேஸ் ஷீட்டுகளை எடுத்து மூச்சு எண்ணிக்கைக்கான வரியை மட்டும் படித்துப் பாருங்கள். 20, 20, 18, 20, 20 என்று ஓடும். காய்ச்சலில் கொதிப்பவருக்கும் 20, நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. நோயாளி மோசமாகிறார் என்பதை எல்லாவற்றுக்கும் முந்தி அறிவிக்கும் எண்களில் ஒன்று இது. பிரிட்டனில் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலோ 8-க்கு இறங்கினாலோ அந்த ஓர் அளவீட்டுக்கே மிக உயர்ந்த மதிப்பான 3 கொடுக்கிறார்கள். நாம் அதை எண்ணாமல் எழுதுகிறோம். ஏன் எண்ணவில்லை என்று நான் கேட்ட இளம் செவிலியர் ஒருவர், “யாரும் அந்த வரியைப் படிக்கிறதில்லையே, சிஸ்டர்” என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மருந்து தெரியாமல் நோயாளியை மதிப்பிடவும் முடியாது என்பது இதன் மறுபக்கம். பாடத்திட்டங்கள் அதிகம் மறப்பது இதைத்தான். உள்ளே இரத்தம் கசிகிறவருக்கு நாடி வேகமாகும் என்று சொல்லித் தருகிறோம். அவர் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் நாடி 78-இலேயே நின்றுகொண்டிருக்கும், அந்த எண்ணைப் பார்த்து நாம் ஆறுதல் அடைவோம். அதே மாத்திரை, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது. எனவே நெற்றியில் துளிர்க்கும் வியர்வையைத் துடைத்துவிட்டுப் போகாமல் விரலில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். நோயாளி என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று தெரியாத செவிலியர் குறிக்கும் எண்கள் சரியாக இருக்கும், அவற்றின் பொருள் தவறாகப் போகும்.

கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1,000 மில்லிலிட்டரை 8 மணி நேரத்தில் ஏற்ற, மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டால் 42 என்று எல்லோரும் தாளில் எழுதிவிடுகிறார்கள். தவறு நேர்வது தாளில் அல்ல. 1.0 என்று எழுதியதன் புள்ளி மங்கி 10 ஆகும்போதும், .5 என்பது 5 ஆகும்போதும், யூனிட்டைக் குறிக்க U என்ற ஒற்றை எழுத்து போட்டு அது சுழியமாகத் தெரியும்போதும் நேர்கிறது. மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள பாராசிட்டமால் கரைசலைக் கைக்குழந்தைக்கு ஏற்றும்போது மில்லிகிராமை மில்லிலிட்டராக எடுத்துக்கொண்டால் ஒரே கணத்தில் பத்து மடங்கு போய்விடும். இன்சுலின் 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு செறிவுகளிலும் புழங்கும் இடங்களில், 100-க்கான மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 25 யூனிட். இவற்றைக் கரும்பலகையில் கற்பிக்க முடியாது. உண்மையான குப்பியையும் உண்மையான சிரிஞ்சையும் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கும்போது எடுக்கச் சொல்ல வேண்டும்.

பேச்சு என்றதும் நிர்வாகத்தினருக்குச் சொல்ல வேண்டியது வருகிறது. சிட்னியில் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் 4,271 மருந்துகளைக் கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, குறுக்கீடு ஒவ்வொன்றும், நோயாளியின் அடையாளத்தைச் சரிபார்க்காதது போன்ற நடைமுறைப் பிழைகளில் 12.1 விழுக்காடும், மருந்தின் அளவு, வழி போன்ற மருத்துவப் பிழைகளில் 12.7 விழுக்காடும் கூடுதலாக வருவதோடு தொடர்புடையது என்று கண்டது. எங்கள் வார்டில் மருந்து வண்டியோடு புறப்பட்டவரைத் தொலைபேசி அழைக்கிறது, உறவினர் அழைக்கிறார், சலவைத் துணிக்குக் கையொப்பம் கேட்டு ஒருவர் வருகிறார், சில நேரம் நீங்களே அழைக்கிறீர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத் தொலைபேசியை வேறொருவர் எடுக்க ஏற்பாடு செய்வதற்குப் பெரிய செலவு ஆகாது.

செவிலியரின் அறிவை மட்டும் நம்பி விடக் கூடாத இடங்களும் உண்டு. செறிவான பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேராகச் சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். 10 மில்லிலிட்டர் ஆம்பியூலாக வரும் அது, ஊசி மருந்தைக் கரைக்கப் பயன்படும் நீரின் ஆம்பியூலைப் போலவே தோற்றம் கொண்டது. அதைச் சாதாரண வார்டு அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு, மருந்தகத்திலேயே கலந்து அனுப்புவதுதான் வழி; ‘கவனமாக இருக்கவும்’ என்று சுவரில் சுற்றறிக்கை ஒட்டுவது வழியாகாது. சிரையில் மட்டுமே ஏற்ற வேண்டிய புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் வைக்காமல் சிறு பையில் கலந்து வைத்தால், தண்டுவடத்தில் தவறிச் செலுத்துவதற்குக் கை போகாது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட் சீட்டில் எந்தக் கிழமை என்று எழுதாமல் மருந்தகம் அதை ஏற்கக் கூடாது. இவை நீங்கள் செய்ய வேண்டியவை, நாங்கள் செய்ய முடியாதவை.

பிழை நேர்ந்தால் என்ன செய்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிக்க மிடசோலம் கொடுக்க வேண்டிய ஒரு நோயாளிக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியம் கொடுக்கப்பட்டு அவர் இறந்தார். கொடுத்த செவிலியர் 2022-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். அந்த வழக்கைப் பற்றி எங்களிடையே நிறையப் பேசினோம். மிடசோலம் திரவமாக வருவது, வெக்குரோனியம் கரைத்து எடுக்க வேண்டிய தூள். அந்தக் கணத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். என்னை அதைவிடத் தைத்தது வேறொன்று: மருந்து போட்ட பிறகு நோயாளியின் அருகே யாரும் நின்று கண்காணிக்கவில்லை. சில நிமிடம் யாராவது நின்று பார்த்திருந்தால் அந்தத் தவறு மூச்சில் தெரிந்திருக்கும். மருந்து கொடுத்த பின் நோயாளியைப் பார்ப்பது என்பது நம்முடைய பிழையை நாமே கண்டுபிடிக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. அதே நேரத்தில், தவறைச் சொன்னால் வேலை போகும், வழக்கு வரும் என்று அஞ்சுகிற செவிலியர் அதைச் சொல்ல மாட்டார். அவர் சொல்லாத தவற்றை அடுத்த வாரம் இன்னொருவர் செய்வார். மருந்தால் நேரும், தவிர்க்கக்கூடிய கடுமையான தீங்கை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அச்சத்தை வைத்துக்கொண்டு அந்த இலக்கின் பக்கம்கூடப் போக முடியாது.

பாடத்திட்டம் வகுப்போரிடம் நான் கேட்பது, மருந்தியல் தேர்வின் ஒரு பகுதியையாவது கட்டிலருகே நடத்துங்கள் என்பதே. ஒரு நோயாளி, அவருடைய ஆறு மருந்துகள், அன்றைய இரத்தப் பரிசோதனை, கையில் ஒரு ஸ்டெதஸ்கோப்பு. “இவற்றுள் எதை இப்போது கொடுப்பாய், எதை நிறுத்தி வைத்து மருத்துவரைக் கேட்பாய், ஏன்?” என்று கேளுங்கள். எல்லாவற்றையும் கொடுப்பேன் என்று சொல்லும் மாணவி நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும், அவளை இன்னும் ஒரு மாதம் வார்டில் பழக்குங்கள். இதைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் வாரத்தில் ஒரு நாளாவது வார்டில் மருந்து கொடுக்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. சிலருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நிர்வாகத்தினரிடம் கேட்பது இன்னும் சிறியது. மருந்துப் பதிவேட்டில் ‘கொடுக்கப்பட்டது’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘நிறுத்தி வைக்கப்பட்டது, காரணம்’ என்று எழுத அதே அளவு இடம் கொடுங்கள். அப்படி எழுதியவரை அன்றைய பணி முடிவதற்குள் மருத்துவர் வந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று விதி செய்யுங்கள். இன்று ‘கொடுக்கப்பட்டது’ என்ற கட்டம் காலியாக இருந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருகிறது. அதனால்தான் 44 துடிப்பிலும் கை மாத்திரையை நீட்டுகிறது.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாருங்கள். இரவுப் பணியிலிருந்தவர் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம். எங்களுள் ஒருவரோடு மருந்து வண்டியைப் பின்தொடர்ந்து கடைசிக் கட்டில் வரை நடந்து பாருங்கள். எங்காவது ஒரு கட்டிலருகே அவர் மூச்சை எண்ண நின்றால், அந்த ஒரு நிமிடம் முடியும் வரை நீங்களும் பேசாமல் நின்று, அவர் எழுதும் எண்ணைப் படியுங்கள்.

இப்படிக்கு,
பொது மருத்துவப் பிரிவின் மூத்த செவிலியர் ஒருவர்